ஒரே மாதிரி இரண்டு ஜோடி

யாரோமிர் கொசினாவை அரசாங்கம் எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டது என்று பிர்னோ நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காதருகே வந்து சொல்வார்கள். அறுபத்தெட்டில் வந்திறங்கிய ரஷ்ய டாங்கிகளைச் ‘சகோதர உதவி’ என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தார். நாடக இயக்குநர் களைத்துவிட்டார் என்று அரங்கிலிருந்து விடுவித்து, ஒரு ஹோட்டல் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலையைக் கொடுத்தார்கள். கலைஞன் குளிரில் வாடக் கூடாதல்லவா?

மனிதருக்கு நன்றியே இல்லை. வீட்டுக் கூடத்திலேயே நாடகம் போட ஆரம்பித்தார். சோபாவை நகர்த்தினால் அரண்மனை, பிடிபட்டால் சிறை.

அந்தச் சனிக்கிழமை அவரே எழுதி நடித்த நாடகம். பதவி பறிபோன ராஜா விடைபெறும் கடைசிப் பேச்சுதான் பாக்கி. அழைப்பு மணி அடித்தது. யாரோமிர் சட்டென்று நிறுத்தினார். அவர் மனைவி லிபுஷே கதவைத் திறந்தாள். புதிதாக இருவர், நண்பரின் நண்பர்களாம். எவ்வளவு பெரிய ரகசியப் போலீஸாக இருந்தாலும் வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே! வாசலில் ஷூவைக் கழற்றி, விருந்தாளிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

கதவோரம் உட்கார்ந்திருந்த எனக்கு லிபுஷே குனிந்து எதைப் பார்த்தாள் என்று தெரிந்தது. நாடகம் பார்க்க வந்திருந்த எங்கள் தேய்ந்த ஷூக்களின் நடுவே பளபளவென்று ஒரே மாதிரி இரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்கே வரிசையில் நிற்கும் ஊரில்!

உருளைக்கிழங்கு சாலட்டோடு உள்ளே வந்தாள். “போதும்யா உன் சேட்டை! எல்லாரும் பேர்நாள்காரருக்கு வாழ்த்துச் சொல்லுங்க!”

எங்கள் ஊர்க் காலண்டரில் ஒவ்வொரு நாளும் ஒரு பெயருக்கு உரியது; அந்தப் பெயர்க்காரர்களுக்கு அன்று பிறந்தநாள் மாதிரிக் கொண்டாட்டம். வந்தவர்களில் மூத்தவர் புருவத்தைத் தூக்கினார். “யாரோமிர் பேர்நாள் செப்டம்பர்லல்ல வரும்? இன்னைக்குக் காலண்டர்ல வேற பேராச்சே.”

“அன்னைக்கு எனக்குக் கொதிகலன்ல ஷிஃப்ட், தோழரே. தொழிலாளி வேலை நேரத்துல கொண்டாடலாமா? நீங்களே சொல்லுங்க.”

தோழரின் பார்வை மேலே ஏறியது. “தலையில என்ன கிரீடம்?”

“வருஷத்துல ஒரு நாள்தான் இவ என்னை ராஜாவா இருக்க விடுறா.”

“அதுவும் சாலட் தீர்ற வரைக்கும்தான்,” என்றாள் லிபுஷே.

இருவர் கையிலும் தட்டு ஏறியது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள் என்று பார்த்தால், இன்னொரு கரண்டி கேட்டார்கள். கடைசிப் பேச்சு அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

யாரோமிர் கோப்பையைத் தூக்கினார். “வந்தவங்களுக்கு நன்றியா ரெண்டு வார்த்தை.” பிறகு ராஜாவின் பேச்சை ஒரு சொல் விடாமல் பேசினார். “என் வீட்டை எடுத்துக்கொண்டவர்களே, கதவை மெதுவாகச் சாத்துங்கள், உள்ளே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்…” முதலில் கைதட்டியது அந்த இருவர்தான்.

“நாடகத்தை விட்டது நல்லதாப் போச்சு, தோழரே,” என்றார் மூத்தவர். “இப்பத்தான் இயல்பாப் பேசுறீங்க.”

கிளம்பும்போது வாசலில் அந்த இருவருக்குள் சண்டை.

“இது என்னுதுய்யா.”

“சார், உங்களுது அது. இதுல எனக்கு விரல் இடிக்கல, பாருங்க.”

யாரோமிர் கிரீடத்தைக் கழற்றாமலே குனிந்து, ஷூ மாட்டும் கரண்டியை மிக மரியாதையாக நீட்டினார்.