மீனம்மா கைதட்டிய ஞாயிற்றுக்கிழமை

மீனம்மா அக்காவை அந்தத் தேர்தல் விவாதத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் என்னைத் திட்டுவதைவிட இது மேல்.

ஹட்டனில் ஒரு தொலைக்காட்சிக்கு நான் பகுதிநேர நிருபர். பேருக்குத்தான் நிருபர். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தால் வேன் பிடிப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது, கேமராவுக்கு முன்னால் உட்கார ஆள் சேர்ப்பது எல்லாம் என் தலையில். தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தயாரிப்பாளர் சர்மிளா போன் எடுத்தார். மூன்று வேட்பாளர்களை ஒரே மேடையில் நிறுத்துகிறோம், தோட்டத்திலிருந்து கேள்வி கேட்க ஒரு பெண் வேண்டும் என்றார். எனக்கு உடனே மீனம்மா அக்கா ஞாபகம்தான் வந்தது.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் கொழுந்து பறிப்பவர் அவர். நாற்பத்தேழு வயது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், தான் பிறந்த அதே ஒற்றையறைக் காம்பராவில்தான் மகள் தனுஷிகாவையும் வளர்க்கிறார். கணவர் கந்தப்பனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அக்கா பயந்த சுபாவம். அட்டைக்குப் பயமில்லை, தேயிலைக்குள் படுத்திருக்கும் சிறுத்தைக்குக்கூட அவ்வளவு பயமில்லை. கையில் கடுதாசியோடு வருகிற மனிதரைக் கண்டால் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷத்து மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு வெடித்தது. கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், சுவரில் சிவப்புக் குறி போட்டார்கள், பன்னிரண்டு குடும்பமும் இங்கே இருக்கக்கூடாது என்று கடிதம் கொடுத்தார்கள். எங்கே இருப்பது என்று கடிதத்தில் இல்லை. புது வீட்டுப் பட்டியல் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமியின் சட்டைப்பையில் இருந்தது. முதல் கட்டத்தில் ஏழு வீடுகள்தான். அந்த ஏழில் மீனம்மா அக்காவின் பெயரும் உண்டு. செல்லசாமியின் சங்கத்து வேட்பாளர்தான் மேடையில் நிற்கப்போகிற மூவரில் ஒருவர்.

“நான் கேட்டேன்னு தெரிஞ்சா பேரை வெட்டிப்புடுவாங்க தம்பி. அப்புறம் அந்த மண்ணுக்குக் கீழதான் நானும் புள்ளையும் படுக்கணும்” என்றார் அக்கா.

நான் விடவில்லை. சர்மிளாவிடம் பேசி வாக்கு வாங்கினேன். கேள்வி கேட்கும்போது பின்னாலிருந்துதான் படம் எடுப்பார்கள், குரலை மாற்றிப் போடுவார்கள், தோட்டத்தின் பெயர் வராது. அதற்குமேல் பன்னிரண்டு குடும்பமும் கூடிப் பேசி, கேள்வியை அவர் வாயில் வைத்தது: பெரிய மழைக்கு முன்னால் பன்னிரண்டு வீடும் கிடைக்குமா, எந்தத் தேதியில்? பக்கத்துக் காம்பரா ரூபிகா தன்னுடைய நல்ல சேலையை உடுத்தக் கொடுத்தாள். வியாழக்கிழமை காலை வேனில் ஏறும்போதும் அக்கா அந்தக் கேள்வியை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஹட்டன் மண்டபத்தில் வேட்பாளர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எங்களை உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சேலைக்காரர்களைப் பின்னுக்கு அனுப்பினார்கள். வெளிச்சத்தில் கண் கூசுமாம். ரூபிகாவின் பச்சைச் சேலை சர்மிளாவுக்குப் பிடித்துப்போய், அக்காவுக்கு முன்வரிசை கிடைத்தது.

“எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கைதட்டுங்க. இன்னொரு தடவை. இப்போ யோசிக்கிற மாதிரி முகத்தை வைங்க” என்று சர்மிளா சொல்லச் சொல்ல, காலியான மேடையைப் பார்த்து நாற்பது பேரும் தட்டினோம்.

“இது எதுக்கு தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“பழகத்தான் அக்கா” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விவாதம் தொடங்கி முக்கால் மணி நேரம் போனது. நிகழ்ச்சி நடத்துகிறவர் குனிந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, தலையைத் தூக்காமலே “மீனம்மா!” என்றார். பெரட்டுக் களத்தில் காலையில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிற அதே மாதிரி. இருபத்தொன்பது வருஷம் அந்தக் கூப்பாட்டுக்குத் தன் பதிவேட்டு நம்பரைப் பதிலாகச் சொன்ன வாய் அது. அக்கா விறைப்பாக எழுந்து நின்றார்.

“செக்ரோல் நம்பர் எரநூத்திப் பதினாலுங்க, மேல் டிவிசன்!”

மண்டபம் சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பு விளங்கவில்லை. கொண்டுவந்த கேள்வியை, ஒரு சொல் பிசகாமல் கேட்டு முடித்தார். செல்லசாமியின் சங்கத்து வேட்பாளர் “நல்ல கேள்விங்கம்மா” என்று சொல்லிவிட்டு வேறு எதையோ பேசினார்.

திரும்பும் வழியில், வேன் டிக்கோயா தாண்டும்போதுதான் அவருக்கு உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நம்பரைச் சொல்லிப்புட்டேனே!”

முகத்தை மறைக்கலாம், குரலை மாற்றலாம்; மீனம்மா என்ற பேர் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. மேல் டிவிசனில் இருநூற்றுப் பதினான்கு ஒரே ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒளிபரப்பு. இடையில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அக்கா சோறு தின்னவில்லை என்று தனுஷிகா எனக்குப் போனில் அழுதாள். வெள்ளிக்கிழமை கொழுந்து பறிக்கிற மலையில் செல்லசாமி நின்று, “என்னக்கா, மேலுக்கு முடியலையா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். அக்காவுக்குக் கொழுந்துக் கூடை தலையிலிருந்து நழுவிவிட்டது. சர்மிளாவுக்கு ஐந்து தடவை போன் எடுத்து, அந்த நம்பரை மட்டும் எப்படியாவது வெட்டிவிடுங்கள் என்று கெஞ்சினேன். “பார்க்கிறேன்” என்றார்.

தேர்தல் விவாதங்களை வேட்பாளர்களும் அவர்களுடைய ஆட்களும்தான் ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். பஜாரில் சத்தத்தைக் குறைத்துவிட்டு வியாபாரம் பார்ப்பார்கள். லயத்தில் அந்த நேரம் நாடகம் ஓடும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு குடும்பமும் ரூபிகாவின் காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. வெளியே தூறல். அக்கா கதவோரம், ஓடுவதற்குத் தயாரானவரைப்போல் நின்றார். அவர் பக்கத்தில் நான்.

கேள்வி வருகிற இடம் வந்தது. வரவில்லை. நம்பரும் வரவில்லை, கேள்வியும் வரவில்லை. அந்த வேட்பாளர், “எங்கள் மக்கள் பாதுகாப்பான வீடுகளில் வாழ்கிறார்கள்” என்றார். உடனே திரை முழுக்க ஒரு முகம். பச்சைச் சேலையில் மீனம்மா அக்கா, வாயெல்லாம் பல்லாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். காலி மேடையைப் பார்த்துத் தட்டிய தட்டு அது.

யாரோ டிவியை அணைத்தார்கள்.

“அக்கா கேட்டாங்க. நான் பார்த்தேன். வெட்டிட்டாங்க” என்று நான் கத்தினேன்.

“நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க” என்றாள் ரூபிகா. மீனம்மா அக்காவை அவள் பார்க்கவே இல்லை.

நான் வெளியே வந்து சர்மிளாவுக்குப் போன் எடுத்தேன். நம்பரை மட்டும் எடுத்தால் கேள்வி துண்டாக நின்றதாம்; அதனால் முழுவதையும் எடுத்துவிட்டார்களாம். “நீங்கதானே கேட்டீங்க?” என்றார். ஆமாம், நான்தான் கேட்டேன்.

அதற்குள் செல்லசாமி குடையோடு வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் சந்தோஷமாகச் சொன்னார்: “என்னா தட்டு தட்டுனீங்க அக்கா! நம்ம வேட்பாளர் ஐயாவே போன் எடுத்து யாருன்னு கேட்டாரு. பட்டியல்ல இனிமே உங்க பேருதான் மொதல்ல.”

அவர் போனபின் ஆட்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அக்கா என்னிடம், “வீடு கெடச்சிரும் தம்பி. ஆனா இப்பத்தான் ரொம்பப் பயமா இருக்கு. இந்தச் சனத்தை மண்ணுக்குக் கீழ விட்டுட்டு, கைதட்டுனவள்னு நான் எப்படிப் போயி அதுல படுப்பேன்?” என்றார்.

திங்கட்கிழமைக் காலைப் பெரட்டில் நான் இல்லை. நடந்ததை ரூபிகாவே எனக்குச் சொன்னாள். மழை வலுத்திருந்தது. கணக்கப்பிள்ளை குனிந்தபடி “மீனம்மா!” என்றார். பக்கத்தில் செல்லசாமி நின்றார்.

“எரநூத்திப் பதினாலுங்க” என்ற அக்கா ஒதுங்கிப் போகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். “தலைவரே, பெரிய மழைக்கு முன்னுக்கு பன்னெண்டு வீடும் கெடைக்குமா? எந்தத் தேதில? ஹட்டன்ல கேட்டேன், டிவியில வெட்டிட்டாங்க. என் பேரை நீங்க வெட்டுனாலும் வெட்டுங்க. பதில் சொல்லிட்டு வெட்டுங்க.”

செல்லசாமியின் கை சட்டைப்பைக்குப் போனது. என்ன செய்வதென்று தெரியாத கணக்கப்பிள்ளை அவசரமாக அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

“ரூபிகா!”

“எரநூத்திப் பதினஞ்சு” என்று சொல்லிவிட்டு, அவள் மீனம்மா அக்காவின் பக்கத்தில் போய் நின்றாளாம். “எனக்கும் தேதிதாங்க வேணும்.”