றிஸ்வி நானாவின் சுவர் ஒப்பந்தம்

கண்டிப் பக்கம், திகனச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, வீதியோரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் றிஸ்வி நானா. கடைக்குப் பெயர் ஸுலைஹா ஹோட்டல். ஸுலைஹா அவருடைய மனைவி. சமையல் நடக்கிற குசினி அவள் ராச்சியம். நானாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இந்த வயதுக்குள் அவர் கையெழுத்துப் போட்ட தாள்களை அடுக்கினால் ஒரு அலுமாரி நிரம்பும். அவற்றில் அவர் வாசித்தது ஒன்றுகூட இல்லை.

வாசிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். பேப்பரை முதல் பக்கத்து அரசியலிலிருந்து கடைசிப் பக்கத்துக் கிரிக்கெட் வரை ஒரு எழுத்து விடாமல் மேய்கிற மனிதர். ஆனால் ஒருவர் நம் இடம் தேடித் தாளோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவர் கண் முன்னாலேயே அதை வரி வரியாகப் படிப்பது மரியாதைக் கேடு என்பது நானாவின் கட்சி. வந்தவரை முகத்துக்கு நேரே கள்ளன் என்று சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? முதலில் பால் விடாத பிளேன்டி ஒன்று குடிக்கக் கொடுக்க வேண்டும். பிறகு வாப்பா உம்மா சுகமா என்று விசாரிக்க வேண்டும். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. நானாவுக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது, அவ்வளவுதான்.

போன வருடம் பவாஸ் என்ற இளைஞன் வந்தான். கடைச் சுவர்களுக்கு இலவசமாகப் பெயின்ட் அடித்து, அதில் தன் விளம்பரத்தைப் போட்டுக்கொள்கிற ஒரு கம்பெனியின் ஆள்.

"நானா, முன்சுவர் முழுக்கப் பெயின்ட் ஃப்ரீ. கடைட பேரும் பெரிசா எழுதித் தாறோம். எங்கட பிஸ்கட் படம் மட்டும் வரும்" என்று மூன்று பக்கத் தாளை நீட்டினான்.

ஸுலைஹா குசினி வாசலில் வந்து நின்றாள். "ஒருக்கா வாசிச்சிட்டுப் போடுங்களே."

"மனிசன் வந்து ஈக்கிற நேரத்தில என்ன வாசிப்பு? மொகத்தப் பார்த்தா தெரியாதா?" என்றபடி நானா மூன்று பக்கத்திலும் கையெழுத்தை இழுத்துவிட்டார். பவாஸ் சாப்பிட்ட பராட்டாவுக்கும் காசு வாங்கவில்லை.

பிஸ்கட் பத்தரை மாதம் சுவரில் இருந்தது. கடையும் புதுமாப்பிள்ளை மாதிரித்தான் நின்றது. பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் பெயின்ட்காரர்கள் ஏணியோடு வந்து பிஸ்கட்டை அழித்தார்கள். பின்னேரம் பார்த்தால் அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கொமட் மின்னிக்கொண்டிருந்தது. டொய்லட் கழுவுகிற மருந்துக்கு விளம்பரம். "ஒருமுறை பாவித்தால் மறுமுறையும் தேடி வருவீர்கள்" என்று ஒரு வரி. அதற்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில், ஸுலைஹா ஹோட்டல்.

அன்றிலிருந்து கடைக்குள் வருகிறவர்கள் சாப்பாடு கேட்பதை விட்டார்கள். பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கி ஓடி வந்து, "டொய்லட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்கள். வழக்கமாக வருகிறவர்கள்கூட அந்தப் படத்தைக் கடந்து வந்து கொத்து ரொட்டி சாப்பிட மனமில்லாமல் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள். இரண்டு வாரத்தில் பராட்டா போடுகிற ஆளைப் பகலோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. பதினெட்டு வருடமாகக் கட்டிய கடை நானாவின் கண் முன்னால் கரைந்தது.

பவாஸுக்கு ஃபோன் போட்டுக் கத்தினார். அவன் அமைதியாகச் சொன்னான்: "பதினோராம் பிரிவு நானா. கம்பெனி விரும்பின சாமான்ட படத்தப் போடலாம்."

ஸுலைஹா அலுமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். "இப்ப வாசிங்க. மரியாத பார்க்கிறத்துக்குக் கடேல ஒரு மனிசனும் இல்ல."

ஒப்பந்தம் நல்ல தமிழில்தான் இருந்தது. இங்கிலீஷ் என்றாலாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். பதினோராம் பிரிவு இருந்தது. சுவரை மறைத்து ஒரு சாக்கைக்கூடத் தொங்கவிடக் கூடாது என்ற பன்னிரண்டும் இருந்தது. பதினாறில் நானாவின் விரல் நின்றது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. முடிய முப்பது நாளுக்கு முன்னால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், தானாகவே இன்னும் ஐந்து வருடத்துக்கு நீளும். கலண்டரைப் பார்த்து எண்ணினார். எழுதிக் கொடுக்கக் கடைசி நாள் அன்றுதான்.

கடிதத்தை ஸுலைஹா எழுதினாள். நானா சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறினார். கம்பெனி ஒஃபிஸை மூட அரை மணித்தியாலம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்.

பவாஸ் கடிதத்தை வாங்கிக்கொண்டு, கதிரையைக் காட்டி, பிளேன்டி கொடுத்து, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்தான். பிறகு ஒரு தாளை நீட்டினான். "மிச்ச ஒரு மாசமும் வேணாம், இண்டையோட ஒப்பந்தம் முடிஞ்ச எண்டத்துக்கு. ஒரு கையெழுத்து நானா."

நானா வாசிக்கத் தொடங்கினார். பவாஸ் மணிக்கூட்டைப் பார்த்தான். பக்கத்து மேசைப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"என்ன நானா, எங்கள்ல நம்பிக்கை இல்லையா?"

நானாவுக்கு முகம் சுட்டது. எழுந்து கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் குனிந்த தலை நிமிராமல் கடைசி வரி வரை போனார்.

கம்பெனிக்கு வசதிப்படும் காலம் வரை தற்போதைய படம் சுவரில் இருக்கலாம் என்றது அந்தக் கடைசி வரி.

நானா அதில் விரலை வைத்தார். பவாஸ் எட்டிப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் பேனையால் அந்த வரியை வெட்டி, "நாளைக்கே அழிச்சித் தாறோம்" என்று எழுதினான்.

"அப்ப ஒங்களுக்கு இது தெரியும்தானே?"

"ஆரும் வாசிக்கிறல்ல நானா" என்றான் பவாஸ், ஒளிவுமறைவே இல்லாமல்.

நானா பேனையை எடுத்தார். எடுத்ததைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து இன்னொரு தரம் தொடங்கினார்.