முழங்கையால் பார்க்க வேண்டிய சூடு

பத்து நாள் பயிற்சி என்றார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர்கள் குண்டசாலையில் ஒரு மாடி வீட்டை எடுத்துப் பயிற்சி நடத்தினார்கள். பத்தாம் நாள் எல்லாவற்றையும் செய்து காட்டச் சொல்லிச் சோதிப்பார்கள். தேறினால் திங்கட்கிழமையே எனக்கு ஒரு வீடு தயார். பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒரு டீச்சரம்மா, அதே குண்டசாலையில். தேறாவிட்டால் திரும்பவும் ஹேவாஹெட்ட மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பதுதான்.

அந்த மலைக்கு என் முழங்கால் இனி ஒத்துக்கொள்ளாது. இருபத்திரண்டு வருஷம் ஏறி இறங்கிய கால். சரிவில் நிற்கும்போதே தன் பாட்டுக்கு மடங்கும். போதாததற்கு என் வாய் வேறு. "திங்கக்கெழமையிலேர்ந்து எம் பேர போடாதீங்க" என்று கங்காணியிடம் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் பயிற்சிக்கே வந்தேன். என்ன கொழுப்பு பாருங்கள்.

விடிவதற்கு முன் முதல் பஸ். தலாத்துஓயா வரைக்கும் நின்றுகொண்டேதான் வருவேன். கண்டியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துக் குண்டசாலை வந்து சேரும்போது ஒரு நாள் வேலையை முடித்த அலுப்பு உடம்பில் இருக்கும். அங்கே போனால் கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை மல்லாந்து கிடக்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை வரும். எங்களில் பகலில் கால் நீட்டிப் படுக்கக் கொடுத்துவைத்த ஆள் அது ஒன்றுதான்.

சொல்லிக்கொடுத்த மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் குடியேறி, தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயராது, ஆனால் ஒன்றையும் விடமாட்டார். கை கழுவுவதற்கே ஒரு முழு நாள் போயிற்று. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்துத் தேய்த்து, போகிற வழியில் தோலையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வாரோ என்று இருந்தது. ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது, கரண்டியால் ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது. எல்லாவற்றையும் அந்தப் பொம்மைக்குச் செய்தோம். அது ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரிந்த வேலைதான் என்று ஒரு நினைப்பு. மாமியார் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு, பேச்சும் போய், இரண்டு வருஷம் எங்கள் லயத்து வீட்டில் கிடந்தார். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டு வருஷமும் அவருக்கு எல்லாம் நான்தான். மலைக்குப் போகுமுன் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிவிட்டுத்தான் போவேன். ஊரே என்னை மெச்சியது. இரண்டாம் நாள் மிஸ் ஒவ்வொருவரையும் அனுபவம் கேட்டபோது நான் எழுந்து நின்று பெரிய பிரசங்கமே வைத்தேன்.

"எல்லாத்துக்கும் சரியா இருப்பாங்க மிஸ். தண்ணியக் கண்டாத்தான் அடம். மொனகுவாங்க, நல்லா இருக்கிற கையால என் கையத் தட்டி விடுவாங்க, மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாங்க. ஒரு அதட்டு போட்டா அடங்கிருவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினார். என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

உடம்பு துடைக்கிற பாடம் நாலாம் நாள் வந்தது. வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து, முழங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டுமாம். உள்ளங்கையை நம்பக்கூடாதாம். எனக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. முழங்கையால் தண்ணீர் பார்ப்பது, கூத்தில் கோமாளி செய்கிற காரியம் மாதிரி இருந்தது. அதோடு எங்கள் மலைக் குளிருக்கு ஆவி பறக்காத தண்ணீரைத் தண்ணீர் என்றே யாரும் சொல்வதில்லை. அடுப்பிலிருந்து இறக்கி, கையை விட்டு ஒரு கலக்குக் கலக்கி ஊற்றுவோம். அவ்வளவுதான்.

பத்தாம் நாள் பொம்மையைத் தூக்கி அலுமாரி மேல் வைத்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் நோயாளியாகப் படுக்க வேண்டும். எனக்கு வாய்த்தவள் கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை செய்த ஒரு தங்கச்சி. பத்து நாளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நான் தூங்கி விழும்போதெல்லாம் இடுப்பில் இடித்து எழுப்பிவிட்டவளும் அவள்தான். என் முழங்கால் கதை, கங்காணி கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். "நீங்க பயப்படாதீங்கக்கா, நான் பொணம் மாதிரி படுத்துக்கிறேன்" என்று காதோடு சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

கையை அவர்கள் சொன்னபடியே கழுவினேன். திரையை இழுத்துவிட்டேன். பேசினில் ஃபிளாஸ்க் தண்ணீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்தேன். இதமாக இருந்தது. துவாயை முக்கிப் பிழிந்து அவள் கையில் வைத்து, தோள் வரைக்கும் துடைத்தேன். அவளுடைய கால் விரல்கள் சுருங்கின. கூச்சம் என்று நினைத்தேன். இரண்டாம் தரம் முக்கி வைத்தபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு என்னவோ நன்றாகச் செய்கிறேன் என்ற குஷி.

"நிப்பாட்டுங்கோ" என்றார் மிஸ்.

கிட்ட வந்து அவளுடைய கையைத் தூக்கிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே சிவந்துபோய் இருந்தது.

"பிள்ளை, சுட்டதோ?"

"இல்ல மிஸ்."

மிஸ் தன் முழங்கையைப் பேசினில் வைத்துவிட்டு உடனே எடுத்தார். "ஏன் பொய் சொல்லுறீர்?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர். "அக்கா பாவம் மிஸ். பெயிலானா மறுபடியும் மலை ஏறணும்."

மிஸ் என் பக்கம் திரும்பினார். என் இரண்டு உள்ளங்கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தார். கொழுந்துக் கறை போகாத, காய்ப்பு ஏறிய கை. பெருவிரலால் அழுத்தினார். அழுத்துவது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"இந்தக் கைக்குச் சூடு தெரியாதம்மா. அதுக்குத்தானே முழங்கை எண்டு நாலாம் நாள் சொன்னனான். இந்தப் பிள்ளைக்கு வாய் இருக்கு, சொல்லாம விட்டிட்டுது. வாய் ஏலாத ஆக்கள் என்ன செய்வினம்? முனகுவினம். கையைத் தட்டுவினம். முகத்தை அங்கால திருப்புவினம்."

இரண்டாம் நாள் நான் எழுந்து நின்று சொன்ன அதே மூன்றையும் சொன்னார், சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஐயோ சாமி, இரண்டு வருஷம். அதட்டு வேறு போட்டேனே. மாமியார் வாய் பேச முடியாமல் கிடக்க, "தண்ணியில என்ன நெருப்பா இருக்கு?" என்று கேட்டேனே.

தேறவில்லை என்று எழுதினார்கள். திங்கட்கிழமை அடுத்த கூட்டத்தோடு முதல் நாளிலிருந்து உட்காரலாம் என்றார்கள். டீச்சரம்மா வீடு அந்தத் தங்கச்சிக்குப் போயிற்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வாங்கிக்கலக்கா, அவங்களா குடுத்தாங்க" என்று அழுதாள். "போடி பைத்தியம், நல்லா பார்த்துக்க அவங்கள" என்றேன். அவள் மேல் எனக்குக் கோபமே இல்லை. யார் மேலும் கோபப்படுகிற தெம்பு அன்றைக்கு என்னிடம் இல்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பாஸா?"

"இல்லீங்க. தண்ணி சூடு கூடிப் போச்சு."

அவருக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. "இதுக்காகவா? எங்கம்மாவ ரெண்டு வருஷம் நீதானே குளிப்பாட்டுன? ஒரு நாளாவது விட்டியா? பெத்த மக கூட அப்படிப் பார்க்க மாட்டா. அந்த மிஸ்ஸ இங்க வரச் சொல்லு, நான் சொல்றேன் அவங்களுக்கு."

சும்மா இருந்திருக்கலாம். என்னை விட்டால் அது யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நல்ல பேரோடேயே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் மெச்ச மெச்ச எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா அடம் புடிக்கலங்க" என்றேன். "சுட்டிருக்கு. என் கைக்குத் தெரியல."

கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கு விளங்கிய மாதிரியே அவருக்கும் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அது விளங்குவதை நான் அவர் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெனமுமா?" என்று கேட்டார்.

"தெனமும்."

எழுந்து வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தபோது குரல் தழைந்திருந்தது.

"மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

"திங்கக்கெழம. மொதல்லேர்ந்து."

"போ. ஒழுங்கா படிச்சிட்டு வா" என்றார்.

வைதிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.