சித்தியின் நிலத்தடி அவகாசம்

வக்கீல் சேட்டன் ஒரு சொல் சொன்னார். சித்தி தாராளமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கொச்சி ஜூ டவுனில், சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த அவருடைய அலுவலகம். மேசையில் சாயா ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில், டெக்சாஸிலிருந்து ஓர் எண்ணெய்க் கம்பெனி அனுப்பிய குத்தகைப் பத்திரம்.

சித்தப்பா டெக்சாஸில் வேலை பார்த்த காலத்தில் ஒரு தரிசு நிலம் வாங்கியிருந்தார். ஊர் திரும்பும்போது நிலத்தின் மேற்பரப்பை விற்றார். அடியில் கிடப்பதன் உரிமையை மட்டும் விற்கவில்லை. அந்த ஊரில் அப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மட்டாஞ்சேரியில் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. கல்யாண வீட்டில் அப்பளம் பொரிக்க எண்ணெய் போதவில்லை என்றால் எல்லோரும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். சித்தியும் சேர்ந்து சிரித்தவள்தான். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு அவளை உறுத்தத் தொடங்கியது. அவர் சொன்னது நிஜமா இல்லையா என்று தெரிந்தால் போதும் அவளுக்கு. அதற்கு யாராவது அங்கே துளை போட்டுப் பார்க்க வேண்டும்.

குத்தகைக் காலம் மூன்று ஆண்டு. அதற்குள் துளையிடாவிட்டால், "ரெண்டு வர்ஷம் கூடி நீட்டான் கம்பெனிக்கு அவகாசம் உண்டு, சேச்சி" என்றார் வக்கீல் சேட்டன்.

சித்தி திருநெல்வேலிக்காரி. கொச்சிக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை காலமாகியும் அவளுடைய மலையாளம் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. "அவகாசந்தான? கேக்கட்டும். கேக்கையில பாத்துக்கிடுவோம்" என்றாள்.

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. சித்தியின் காதில் விழுந்ததோ தமிழ் அவகாசம், தயவுசெய்து என்று கேட்டு வாங்குகிற கூடுதல் நாள். கம்பெனி யாரையும் கேட்கப்போவதில்லை. இன்னும் கொஞ்சம் முன்பணத்தைப் போட்டுவிட்டுத் தானே நீட்டிக்கொள்ளும். ஐந்து ஆண்டு அந்த நிலத்தைத் தொடாமலே பூட்டி வைக்கலாம். நாமும் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. மூச்சுவிடாமல் இதைச் சொல்லி முடித்தேன்.

"ஏட்டி, நீ இந்த ஊர்ல பொறந்ததுக்கு இன்னைக்குத்தான் ஒரு லாவம்" என்றாள் சித்தி.

வக்கீல் சேட்டன் பாவமாகக் கேட்டார்: "ஞான் இத்ர நேரம் மலையாளத்தில் அல்லே பறஞ்சது?"

"அதாக்கும் சேட்டா பிரச்னம்" என்றேன்.

அடுத்த வாரம் வீடியோவில் கம்பெனி ஆளோடு பேச்சு. நான் ஏகப்பட்டது படித்துத் தயாராக இருந்தேன். எண்ணெய் கிடைத்தால் நமக்கு ஆறில் ஒரு பங்கு என்றிருந்ததை ஐந்தில் ஒன்றாக்கச் சொன்னேன். நீட்டிப்பையும் எடுக்கச் சொன்னேன். ஏதாவது ஒன்றுதான் என்றார் அவர். பங்கு என்று சொல்ல வாயெடுத்த என்னைச் சித்தி கிள்ளினாள்.

"அந்த ரெண்டு வருசத்த அடிக்கச் சொல்லு."

"சித்தி, பங்கு காலம் முழுக்க வரும்!"

"வந்தாத்தான பங்கு? மொதல்ல தோண்டச் சொல்லுட்டி."

ஒன்றும் புரியாமல் திரையில் அவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார். நீட்டிப்பு அடிபட்டது, பங்கு ஆறில் ஒன்றாகவே நின்றது. பேரம் பேசத் தெரியாதவள் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நான் கேட்டது இல்லாமலும் போகக்கூடிய எண்ணெயில் ஒரு பங்கு. அவள் கையில் நிச்சயமாக இருந்தது காலம் மட்டும்தான். அதை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற மாதம் அந்த மூன்று ஆண்டு முடிந்தது. துளை போடவேயில்லை. சித்தி இப்போது பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். போனில் சொன்னேன்.

"அப்ப எண்ணெ இல்லன்னும் ஆவல" என்றாள்.

"ஆகல சித்தி. உரிமை நம்ம கைக்குத் திரும்பிடுச்சு."

"அப்ப அடுத்தவனக் கூப்பிடு. பங்கக் கொறச்சாலும் கொறச்சுக்கோ. குழி காஞ்சு கெடந்தாலும் நம்மகிட்டச் சொல்லணும்னு எழுதுட்டி."

இன்னொரு கம்பெனியின் வரைவு வந்திருக்கிறது. ஓராண்டுக்குள் துளையிட்டே ஆக வேண்டும், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் உள்ளே கண்டதை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதப்போகிறேன். ஒப்புக்கொள்வார்களா, தெரியாது. இந்த முறை முதலில் அதைத்தான் கேட்பேன். பங்கைப் பற்றி அவர்களே பேசட்டும்.