வெயிலில் வெட்டிய எருக்குழி

எருக்குழி போடுவது பெரிய வித்தை இல்லை, பிள்ளைகளே. முழங்கால் ஆழம் வெட்டினால் போதும். அடியில் காய்ந்த சருகு, அதன்மேல் காய்கறித் தோல், கீரைத் தண்டு, அதற்கும் மேல் கரைத்த சாணி. மறுபடியும் சருகு. பச்சை ஒரு கை என்றால் சருகு இரண்டு கை. எண்ணெயும் உப்பும் பட்ட குழம்புச் சோற்றை அதில் கொட்டக் கூடாது. எலி வரும், நாறும். நம்மைப் போலத் தறி வீடாக இருந்தால் இன்னொன்று: பட்டு அவித்த சோடாத் தண்ணீரையும் சாயத் தண்ணீரையும் அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மக்கவைக்கும் புழு செத்துப்போகும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தாமல் கிராமத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவந்தவர். மழை பொய்த்த வருடம் அது. நூல் வராமல் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. கொல்லையில் கீரையாவது போடலாம் என்று பார்த்தேன். மண்ணில் சத்தே இல்லை. முதலில் எரு சேர்க்க வேண்டும், குழியை நிழலில் வெட்டு என்றார்.

நிழல் முருங்கை மரத்தடியில் மட்டும்தான் இருந்தது. மண்வெட்டியை ஓங்கினேன். உங்கள் அம்மா ஓடிவந்து பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"இங்க வேணாங்க."

"இன்னாத்துக்கு? வேற எங்க நிழல் இருக்குது?"

"பெரியவனோட நஞ்சுக்கொடிய இங்கதான் பொதைச்சாங்க. மருத்துவச்சி பொதைக்கிறத படுத்துக்கினே பாத்தேன். அதுமேல போயி குப்பைய கொட்டுவீங்களா?"

பெரியவன் என்றால் உங்களுக்கும் மூத்தவன். நீங்கள் அவனைப் பார்த்ததில்லை. தவழத் தொடங்கிய மாதத்தில் வயிற்றுப்போக்கில் போய்விட்டான். வேகவதி ஆற்றங்கரையில் புதைத்தோம். அடுத்த மழையில் அந்த இடத்தின் அடையாளமும் போயிற்று. பிரசவத்தின்போது ஆண்களைத் தெருவில் நிறுத்திவிடுவார்கள். கொல்லையில் எதை எங்கே புதைத்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவனுடையது என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த முருங்கையடி ஒன்றுதான்.

எதிர் மூலையில், கொளுத்தும் வெயிலில் வெட்டினேன். பால்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல எரு ஆவாதுபா, அப்பளந்தான் காயும்." பழைய கோணியை நனைத்துக் குழியை மூடினோம். குடிக்கவே தண்ணீர் இல்லாத நாளிலும் அரிசி கழுவிய தண்ணீரை உங்கள் அம்மா அதற்கு எடுத்துவைத்தாள். பிழிந்த துணியில் இருக்கும் ஈரம் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு முறை அடிவரை கிளறிவிட வேண்டும், காற்று உள்ளே போவதற்கு. போட்டது எது என்று அடையாளம் தெரியாமல் போனால் எரு ஆகிவிட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது மெதுவாகத்தான் ஆனது. ஆனாலும் ஆனது. கீரையும் முளைத்தது.

அடுத்த ஐப்பசியில் காற்றும் மழையுமாக அடித்ததில் முருங்கை வேரோடு சாய்ந்தது. வேர் பெயர்ந்த இடத்தில் பெரிய பள்ளம். உங்கள் அம்மா அதில் இறங்கி உட்கார்ந்து, மண்ணைக் கையால் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்க. மண்ணுதான் இருக்குது" என்றாள்.

அது என்ன ஆகியிருக்கும் என்று எருக்குழியைக் கிளறிய எனக்குத் தெரியும். பள்ளத்தை மூடலாம் என்று ஒரு கூடை எரு அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் கூடையைத் தள்ளிவிட்டாள். பெயர்ந்த அந்த மண்ணையே இரண்டு கையாலும் திரும்ப உள்ளே தள்ளினாள். நானும் இறங்கித் தள்ளினேன்.