கோவில்பட்டியில் ரயிலேறிய அய்யா

போன மாதம், அதாவது 2007 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், மூன்று நாள் கோவில்பட்டிப் பக்கம் போய் வந்தேன். காரணம் என் முதல் படம். என் சின்ன வயசைத்தான் படமாக எடுக்கப் போகிறேன். தயாரிப்பாளரிடம் கதை சொன்னபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இது நிஜமா நடந்ததா?" நெஞ்சைத் தட்டி, "எனக்கே நடந்தது சார்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் படம் கிடைத்தது. மார்ச் கடைசியில் படப்பிடிப்பு என்பதால் இடம் பார்க்க ஒளிப்பதிவாளர் பிரகாஷைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பிரகாஷ் சென்னைக்காரன். தாம்பரத்தைத் தாண்டினாலே தண்ணீர் பாட்டில் வாங்குகிற ஆள்.

கதை இதுதான். ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குக் கடல் பார்க்க ஆசை. பருத்தி வண்டியோடு டவுனுக்கு வந்தவன், யாருக்கும் தெரியாமல் கோவில்பட்டியில் ரயிலேறிவிடுகிறான். தூத்துக்குடிக்குப் போக மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். அங்கே இறங்கி முழித்துக்கொண்டு நின்றவனை ரயில்வே ஆட்கள் பிடித்து, போளி வாங்கிக் கொடுத்து, திரும்பி வரும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். என் அம்மா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். "அய்யா கையில போளி, வாயில போளி, கண்ணுல மட்டும் தண்ணி" என்று முடிப்பாள். அய்யா என்றால் நான்தான். அம்மா போய் நாலு வருஷமாகிறது. இந்தப் படமே அவளுக்காகத்தான்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டியில் இறங்கினோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜ், இரண்டு பேருக்கு 250 ரூபாய். தண்ணீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும் வரும், முந்திக்கொள்ளுங்கள். நாள் வாடகை 900 ரூபாய்க்கு ஒரு வேன் பிடித்தோம். டிரைவர் செல்லையா அண்ணாச்சி ஸ்டியரிங்கை ஒரு கையாலும் பேச்சை இரண்டு கையாலும் ஓட்டுகிறவர்.

எங்கள் ஊர் எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும், மொத்தம் பதினோரு கிலோமீட்டர். தை அறுப்பு முடிந்து கரிசல் காடு பாதி மொட்டையாகவும், பாதி பருத்திச் செடியாகவும் கிடந்தது. ரோட்டில் பாதி அகலத்துக்கு மல்லி காயப்போட்டிருந்தார்கள். வேன் அதன் மேல் ஏறினால் ஊரே ரசம் வைத்த மாதிரி மணக்கிறது. பிரகாஷ் இறங்கி, வெடித்துக் கிடந்த ஒரு நிலத்தின் பிளவுக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்துவிட்டு, "சலம், இது செட்டே போட வேண்டாம்டா" என்றான். என் முழுப் பெயர் கழுகாசலம். சென்னையில் யாரும் கழுகைக் கூப்பிடுவதில்லை.

ஊரில் இப்போது இருப்பது சித்தி மட்டும்தான். முச்சந்தியில் மல்லியைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்ததும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நானோ வேலையில் குறியாக இருந்தேன். உடைகள் தைக்கக் கொடுக்க வேண்டும், படத்தில் வரும் பையனுக்கு அன்று போட்டிருந்த அதே சட்டை வேண்டும்.

"சித்தி, நான் ரயிலேறிப் போனேம்லா, அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தேன்?"

"நீ எங்கய்யா ரயிலேறின?" என்றாள் சித்தி. "நீ அன்னைக்கு அம்மை போட்டு வேப்பிலைக்குள்ள கெடந்தல்லா. ரயிலேறினது பெரிய வீட்டு அய்யா. ஒனக்கு ஏது சட்டை?"

மோர் புரையேறிவிட்டது. இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தாத்தா பெயர் கழுகாசலம். எங்கள் பக்கம் ஒவ்வொரு மகன் வீட்டிலும் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர்தான். பெரியப்பா மகனும் கழுகாசலம், எட்டு மாதம் பின்னால் பிறந்த நானும் கழுகாசலம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் எங்கள் இரண்டு பேரையுமே "அய்யா" என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடுவோம். அடிக்கக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடிவிடுவோம். அப்படியிருந்தும் அம்மா சொன்ன கதையில் வந்தது எந்த அய்யா என்று முப்பத்தைந்து வருஷமாக ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிளாட்பாரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கரி எஞ்சினின் வாசனை ஞாபகம் இருக்கிறது. கேட்டுக் கேட்டே வந்த ஞாபகம் போலிருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, யார் மேல் என்று தெரியாத கோபமாகவும் இருந்தது. தயாரிப்பாளரிடம் தட்டிக் காட்டிய நெஞ்சு இப்போது தானாக அடித்துக்கொண்டது.

 திரும்பும்போது செல்லையா அண்ணாச்சி வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். "அப்பம் படத்துல ஒங்களுக்கு வேப்பிலைக்குள்ள படுத்துக் கெடக்க சீன் மட்டுந்தான், அண்ணாச்சி." பிரகாஷ் சிரித்து முடிக்கக் கோவில்பட்டி வந்துவிட்டது.

இரண்டாம் நாள் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற பஸ்ஸில் ஏறினால் இருபத்திரண்டு கிலோமீட்டர், ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம். மலையில் குடைந்த வெட்டுவான் கோவிலைக் காலை ஒன்பதுக்குள் பார்த்துவிடுங்கள், அதற்குப் பிறகு பாறை செருப்பில்லாத காலை வறுத்துவிடும். நான் போனது மலை பார்க்க அல்ல. அண்ணன், அதாவது நிஜமான கதாநாயகன், அங்கேதான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படம் இல்லை. அவன் பிள்ளைப் பருவத்தை அவனிடம் கேட்காமல் எடுக்க எனக்கு மனசு வராது.

செம்புக் கம்பிச் சுருளுக்கு நடுவே உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். கடல் ஆசை, மணியாச்சி, போளி, எல்லாம். கடைசியில், "ஏலே, என் கதைய வித்து நீ துட்டு வாங்கிட்டியாக்கும்?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். சிரித்துக்கொண்டே வைத்தாலும் வலித்தது.

"எடுக்கலாமாண்ணே?"

"நாளைக்கு மணியாச்சிக்கு வாரேன். அந்த எடத்தக் காட்டுதேன். பெறவு சொல்லுதேன், எடுக்கலாமா வேண்டாமான்னு."

மூன்றாம் நாள் காலை கோவில்பட்டியிலிருந்து பாசஞ்சர், ஏழு ரூபாய் டிக்கெட், சுமாராக முப்பத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். கடம்பூரில் போளி விற்பவர்கள் பெட்டிக்குள்ளேயே வருவார்கள். பத்து ரூபாய்க்கு நாலு, சூடாக. அண்ணன் வாங்கவில்லை. "எனக்கு அது எறங்காதுலே" என்றான். போளி பிடிக்காத கோவில்பட்டிக்காரனை அன்றுதான் பார்த்தேன்.

மணியாச்சியில் இறங்கியதும் நேராக ஒரு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றான். "இங்கனதான் உக்கார வச்சாவ. அந்தால தெரியுதே தண்டவாளம், அதுலதான் தூத்துக்குடி வண்டி கெளம்பிப் போச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், போச்சு."

"கடல் பாக்க முடியலயேன்னு அழுதியாண்ணே?"

"கடலாம் கடலு! சவத்த விடு. எங்கம்மா அப்பாகூடச் சண்ட போட்டுக்கிட்டு தூத்துக்குடியில எங்க ஆச்சி வீட்டுக்குப் போயி பதினோரு நாளாச்சு. கூட்டியாரப் போறதுக்கு ஒருத்தரும் கெளம்பல. சரி, நாம போவோம்னு போனேன்."

பிரகாஷ் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். அண்ணன் பேசிக்கொண்டே போனான். திரும்பி வந்தபோது ஊரே சிரித்ததாம், ரயில் ஆசை பிடித்த பயல், கடல் பார்க்கப் போன பயல் என்று. அம்மாவைத் தேடிப் போனேன் என்று சொன்னால் அப்பாவுக்கு அவமானம் என்று அந்த ஆறு வயதில் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆமாம், கடல் பார்க்கத்தான் போனேன் என்று சொல்லிவிட்டான். செய்தி கேட்டுப் பெரியம்மா மறுநாளே வந்து சேர்ந்தாள்.

"ஒங்கம்மாவுக்கு மட்டும் தெரியும்லே. அந்தப் பதினோரு நாளும் நான் ஒங்க வீட்லதான். நீ வேப்பிலைக்குள்ள கெடப்ப, ஒங்கம்மா ஒனக்கு விசிறிக்கிட்டே எனக்குச் சோறு போடுவா. அதான் 'கண்ணுல தண்ணி'ன்னு சொல்லியிருக்கா."

 அந்தக் கடலைத் தவிர அம்மா எதையும் மாற்றிச் சொல்லவே இல்லை. அவளுக்கு இரண்டு அய்யாவும் ஒன்றுதான்.

"கடலத் தூக்கிரு. எங்கம்மாவப் போடு," என்றான் அண்ணன். "அப்பம் எடு. அந்தப் பயலுக்குப் பேரு என்ன வச்சிருக்க?"

"கழுகாசலம்."

"பெறவென்ன, பொதுப் பேருதான."

அங்கேயே தயாரிப்பாளருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.  "யாருக்காவது நடந்ததா?" என்று கேட்டார். "நடந்தது சார், நான் சொன்னதைவிட நல்லா நடந்திருக்கு" என்றேன். "அப்ப எடு" என்று வைத்துவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பச்சை வேண்டுமென்றால் மார்கழியில் போங்கள், வெடித்த மண் வேண்டுமென்றால் சித்திரையில். மழை பெய்த மறுநாள் கரிசலில் செருப்போடு இறங்காதீர்கள், செருப்பு அங்கேயே தங்கிவிடும். மல்லி காயும் ரோட்டில் வண்டி ஓட்டினால் யாரும் திட்ட மாட்டார்கள், பிரேக் மட்டும் மெதுவாகப் போடுங்கள். ரயில் நேரங்களை ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதியது மாறியிருக்கலாம். உங்கள் சின்ன வயசைப் படமாக எடுப்பதாக இருந்தால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பு சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். நாங்கள் மணியாச்சியிலிருந்து கோவில்பட்டிக்குத் திரும்பவில்லை. அண்ணன் அடுத்த தண்டவாளத்தைக் காட்டி, "தூத்துக்குடி வண்டி நிக்கி. வாரியா?" என்றான். முப்பது கிலோமீட்டர், ஆறு ரூபாய். பெரியம்மா இப்போது அங்கேதான், மகள் வீட்டில் இருக்கிறாள். மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினோம். கண் சரியாகத் தெரியாத பெரியம்மா வாசல் வெளிச்சத்தில் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"யாரு, அய்யாவா?"

"ஆமாம்மா, வந்துட்டேன்" என்றோம், இரண்டு பேரும்.