தோல்முட்டைக் குழுவின் முதல் ரெக்கார்டிங்

ஜெயப்பிரியாவின் வீட்டில் யாரும் கதவை அறைந்து சாத்தியதில்லை. அவள் அம்மா மலர்விழி அடுப்படியில் பாத்திரம் வைக்கும் பதவிசைப் பார்த்தால், தொட்டிலில் பிள்ளை தூங்குகிறது போலும் என்று நினைத்துக்கொள்வீர்கள். பிள்ளை இல்லை. வாசலுக்கு எதிரே இரண்டு ஷெட் நிறைய முட்டைக் கோழிகள். நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: திடீரென்று ஒரு பெரிய சத்தம் கேட்டால் கோழி மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும், அப்புறம் முட்டை குறையும். அதனால் தீபாவளிக்கு வெடி கிடையாது. ஆசைப்பட்டால் பனமரத்துப்பட்டி மாமா வீட்டுக்குப் போய் வெடித்துவிட்டு வரலாம். விருந்தாளி யாராவது கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துவிட்டால், அப்பா ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார். "ஏனுங், மெல்லங்க, கோழி மிரளுதுங்க" என்பதுதான் அந்த வீட்டின் வரவேற்பு.

இப்படி வளர்ந்த பெண் காலேஜுக்குப் போய் வீணை கற்றிருக்கலாம், கோலப் போட்டியில் சேர்ந்திருக்கலாம். அவள் டிரம்ஸ் வாசிக்கப் போனாள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து என்ஜினியரிங் கல்லூரி அது. ஆண்டு விழாச் சாமான்கள் போட்டுவைக்கும் அறைக்கு நாற்காலி எடுக்கப் போனவள், மூலையில் தூசி படிந்து கிடந்த டிரம்ஸைப் பார்த்தாள். பக்கத்தில் குச்சியும் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினாள். தட்டியதும் பழக்கதோஷத்தில் கதவைப் பார்த்தாள். யாரும் ஓடி வரவில்லை. இன்னும் பலமாக அடித்தாள். அப்போதும் யாரும் வரவில்லை. பிறந்ததிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை அன்றைக்குத்தான் முழுசாக விட்டதுபோல் இருந்தது அவளுக்கு. கண்கூடக் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள் அவள் வகுப்புப் பையன்கள் இருவர். மதன், மேட்டூர் அனல்மின் நிலையக் குவார்ட்டர்ஸ்காரன், கிதார் வாசிப்பான். அறிவு, குமாரபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீட்டுப் பிள்ளை. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய அவன் குரல் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை போகும்.

"நீயா அடிச்சே?" என்றான் மதன்.

"இல்ல" என்றாள் ஜெயப்பிரியா, கையில் குச்சியோடு.

அன்றைக்கே மூவரும் குழுவாகிவிட்டார்கள். ராக் குழு என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. சேலத்தில் ஒரு கச்சேரிக்காரர் கழித்துவிட்ட டிரம்ஸ் செட் கிடைத்தது. சொந்தப் பாட்டு என்று ஒன்று இருந்தது: காலேஜ் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி அறிவு எழுதியது. அதைப் பதிவு செய்ய இடம்தான் இல்லை. அறிவு வீட்டில் தறி நிற்காது. மதன் வீட்டுப் பக்கத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அந்தச் சமயம் பார்த்து ராசப்பனின் பண்ணையில் ஒரு ஷெட் காலியாகக் கிடந்தது. வயதான கோழிகளை விற்று, கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த கோழிகள் வரும்வரை ஆறப்போட்டிருந்தார்கள்.

"பக்கத்து ஷெட்டுல கோழி இருக்குதே சாமி" என்றார் ராசப்பன்.

"சுத்தியும் முட்டை அட்டை அடிச்சுட்டா சத்தம் வெளிய போவாதுங்கப்பா. ஸ்டூடியோவுல எல்லாம் அதத்தான் ஒட்டி வெச்சிருக்காங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் நாலு கேள்வி கேட்டிருப்பார். முட்டை அட்டை என்றதும் நம்பிவிட்டார். நாமக்கல்காரர் முட்டை அட்டையைச் சந்தேகப்படுவாரா? குடோனில் கிடந்த பழைய அட்டைகளை எடுத்துக் கொடுத்து, தானே நின்று கட்டியும் கொடுத்தார். அந்த ஷெட்டுக்குச் சுவர் என்று பெரிதாக எதுவும் இல்லை, பக்கவாட்டில் முழுக்கக் கம்பி வலைதான். அதில் ஒரே ஒரு மூலையை மட்டும் அட்டையால் அடைத்துவிட்டு, இனிமேல் சத்தம் போக வழியில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். மற்ற பக்கமெல்லாம் திறந்தே கிடக்கிறதே என்று என்ஜினியரிங் படிக்கிற மூன்று பேருக்கும் தோன்றவில்லை, பாதி ஆயுளைப் பண்ணையிலேயே கழித்த மனிதருக்கும் தோன்றவில்லை. பழைய அட்டையில் கோழிப்பேன் இருக்கும் என்பதாவது தோன்றியிருக்கலாம். இரண்டு வரிக்கு ஒருமுறை முதுகைச் சொறிந்துகொண்டேதான் மதன் கிதார் வாசித்தான்.

தீவனத் தள்ளுவண்டியின் மேல் போனை வைத்து எடுத்த அந்த ரெக்கார்டிங் இன்னமும் இருக்கிறது. முதலில் அறிவு தொண்டையைச் செருமுவது கேட்கும். பிறகு டிரம்ஸ். பாட்டு பாதி போனதும், தகர ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் அடியில் சேர்ந்துகொள்ளும். வாசிப்பவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கடைசி அடி விழுந்த பிறகு அந்த இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்கும். மழையல்ல அது, பக்கத்து ஷெட்டின் கோழிகள் அத்தனையும் சிறகடித்துக் கத்துகிற சத்தம். அதற்கு நடுவே ராசப்பன் ஓடி வருகிறார். "போதும் சாமி! போதும், போதும்!" அத்தோடு முடிகிறது.

மறுநாள் முட்டை உருண்டு வரும் பெல்ட்டின் ஓரத்தில் தோல்முட்டைகள் கிடந்தன. ஓடு பிடிக்காமல், தொட்டால் அமுங்குகிற முட்டைகள். முட்டையும் குறைந்தது, பழைய அளவுக்கு வர நாளானது. ராசப்பன் மகளை ஒரு சொல் சொல்லவில்லை. முட்டை எடுக்க வந்த வண்டிக்காரர் கேட்டபோது, "தீவனம் மாத்துனனுங்க, அதான்" என்று பொய் சொன்னார். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற ஜெயப்பிரியாவின் காதில் அது விழுந்தது. திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மதனுக்கு இந்த வருத்தமெல்லாம் எட்டவில்லை. குழுவுக்குத் 'தோல்முட்டை' என்று பெயர் வைத்து, ரெக்கார்டிங்கை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டான். காலேஜே சிரித்தது, கேட்டது, மறுபடி கேட்டது. ஜெயப்பிரியா மட்டும் ஒருதரம்கூட முழுசாகக் கேட்கவில்லை. அப்பாவின் குரல் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுவாள். டிரம்ஸை வீட்டு ஸ்டோர் ரூமில் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினாள். "நா வல்லடா. வேற ஆளப் பாத்துக்கங்க" என்று மதனிடம் சொல்லிவிட்டாள்.

அவர்கள் வேறு ஆள் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டைச் சேலத்து ஸ்டூடியோவில், கம்ப்யூட்டர் டிரம்ஸ் வைத்து எடுத்தார்கள். பிசிறில்லாமல், மருந்தடித்துக் கழுவிய ஷெட் மாதிரி இருந்தது. கோழி இல்லாத ஷெட். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

கடைசி வருடம் பிராஜெக்ட் என்று வீட்டிலேயே இருந்தாள் ஜெயப்பிரியா. ஒருநாள் அறிவு போன் செய்தான்.

"தை மாசம் மூணாவது பாட்டு எடுக்கறோம். அதுக்கப்பறம் ஆளுக்கொரு வேலைக்குப் போயிருவோம். நீ வந்தாத்தான் ரெக்கார்டிங், இல்லாட்டி வேண்டாம்னுட்டான் மதன்."

"குச்சியத் தொட்டே எத்தன மாசம் ஆச்சு? எங்க போயி அடிச்சுப் பழகறது? எங்க ஊட்லயா?"

போனை வைத்தாள். தை கடந்துவிட்டால் தன் வாழ்க்கையில் டிரம்ஸ் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. கூடத்தில் கணக்குப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்த ராசப்பனுக்கும் தெரிந்தது.

இதற்குள் பண்ணையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவள் டிரம்ஸை மூடிவைத்த கொஞ்ச நாளில் புதுக் குஞ்சுகள் வந்து இறங்கின. பண்ணையின் கடைக்கோடியில் இருக்கும் குஞ்சு ஷெட்டுக்குள் ராசப்பனைத் தவிர வீட்டு ஆட்கள் யாரும் போகக் கூடாது, நோய் தொற்றிவிடும். உள்ளே எந்நேரமும் ரேடியோ பாடும். மனிதக் குரலும் சத்தமும் குஞ்சிலேயே பழகட்டும் என்று வைப்பார்கள். குஞ்சுகள் வந்த அன்று ராசப்பன் மகளிடம், "அந்தப் பாட்ட என்ர போனுக்கு அனுப்பு சாமி" என்றார்.

"அது எதுக்குங்கப்பா?"

"சும்மாதான்."

யாரிடமோ காட்டப் போகிறார் என்று நினைத்துக் கூசிக்கொண்டே அனுப்பினாள். பிறகு அதை மறந்தும் போனாள்.

குஞ்சுகள் வளர்ந்தன. முட்டை வைக்கும் பருவத்துக்குக் கொஞ்சம் முன்பு அவற்றை வீட்டெதிரே காலியாய்க் கிடந்த ஷெட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்து ஷெட்டின் பழைய கோழிகள் அதற்குள் விற்றுப்போயிருந்தன. குஞ்சுகளை மாற்றிய மறுநாள் அது, மார்கழியில் ஒரு காலை. மலர்விழிக்குக் காய்ச்சல் என்று ஜெயப்பிரியாதான் அப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போனாள். ஷெட்டின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே அறிவு தொண்டையைச் செருமினான்.

பிறகு அவளுடைய டிரம்ஸ். கூரைக் கம்பியில் தொங்கிய ஸ்பீக்கரிலிருந்து நல்ல சத்தமாகவே வந்தது. கோழிகள் தலையைக் குனிந்து தீவனம் பொறுக்கிக்கொண்டிருந்தன. மழை மாதிரி இரைச்சல் வந்தது. கடைசி அடி விழுந்தது. பழைய கோழிகள் அலறின. "போதும் சாமி! போதும், போதும்!" என்றார் ஸ்பீக்கரில் ராசப்பன். ஒரு கோழிகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிஜ ராசப்பன் அவளைப் பார்த்துவிட்டு, திருட்டுத்தனத்தில் மாட்டிக்கொண்ட பையனைப் போலத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வந்த நாள்ல இருந்து அன்னாடும் கேக்குதுங்க" என்றார். "மொதல்ல சின்னச் சத்தமா வெச்சேன். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனேன்."

"ஏனுங்கப்பா எங்கிட்டச் சொல்லல?"

"பழகுமோ பழகாதோ. சொல்லிப்போட்டு, பழகாமப் போச்சுன்னா உனக்கு இன்னொருக்கா சங்கட்டமல்ல?" காப்பியை வாங்கிக்கொண்டார். "ஆனா ஸ்பீக்கர் வேற, கையில அடிக்கறது வேற. அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். வா, அதத் தூக்கியாரலாம்."

"வேண்டாங்கப்பா. இன்னுங் கொஞ்ச நாள்ல முட்டை வைக்கற கோழிங்க."

"என்ர கோழி. நாஞ் சொல்றேன், வா."

இருவருமாக டிரம்ஸைத் தூக்கிவந்து ஷெட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் வைத்தார்கள். காய்ச்சலோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு மலர்விழியும் வாசலுக்கு வந்துவிட்டாள். ஜெயப்பிரியா குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, கோழிகளைப் பார்த்தபடி நின்றார்.

முதல் அடி அடித்தாள்.

ஷெட்டில் அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அவள் குச்சியை நிறுத்தப் போனாள். ராசப்பன் திரும்பாமலே கையை அசைத்தார், அடி அடி என்று. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பஸ்ஸைத் தவறவிட்டவனின் பாட்டை முதலிலிருந்து, அறிவில்லாமல், மதனில்லாமல், தன் பங்கை மட்டும் அடித்தாள். கை பல இடத்தில் தடுமாறியது. எங்கோ தப்பு விழுந்தது, விட்டுவிட்டு மேலே போனாள். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்தபோது கோழிகள் மறுபடி தீவனத்தில் இருந்தன.

கடைசி அடி விழுந்ததும் அவள் கை தானாக அந்தரத்தில் நின்றது. அந்த இடத்தில் ஒரு குரல் வரும் என்று அது காத்திருந்தது. குரல் வரவில்லை. தீவனத் தொட்டியில் அலகுகள் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"போதுமாங்கப்பா?" என்றாள்.

ராசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஆரு போதும்னா? இன்னொருக்கா அடி சாமி."